தாரை விட்டு இறங்க வேண்டியவர் யார்?

கேள்வி: நாங்கள் வேலூரை அடுத்த விருதம்பட்டில் வசிக்கிறோம். என் கணவர் சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு லேத் பட்டறைக்கு, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, நாள்தோறும் சைக்கிளில் போய்வருகிறார். என் தம்பி சொந்தமாக டாடா ஏஸ் வைத்துக் குழாய், சிமெண்ட் என்று லோடு ஓட்டுகிறான். "ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் தாரை விட்டு இறங்கிவிட வேண்டும், சாலை வரி கட்டுகிறவர்கள் நாங்கள்தான்" என்பது அவன் கட்சி. என் கணவரோ மாலையில் சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையிலேயே வருகிறார். "எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிறது, முதுகுக்குப் பின்னால் வருவது தெரிவதில்லை, ஆகவே இதுதான் பாதுகாப்பு" என்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கு அதிலேயே போகிறேன் என்கிறாள். மாமாவும் மச்சானும் போடும் வாக்குவாதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பயமே அதிகமாகிறது. இருவரில் யார் சொல்வது சரி? மகளை அனுப்பலாமா?
— ஒரு வாசகி, விருதம்பட்டு

பதில்: ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் போகிறேன். உங்கள் தம்பி சொல்வது சட்டத்துக்கும் பொருந்தாது, சாலையின் அகலக் கணக்குக்கும் பொருந்தாது. உங்கள் கணவர் சொல்வது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், இருவரின் பழக்கங்களில் நாளைக்கே நிறுத்த வேண்டியது அவருடையதுதான். மகளைச் சைக்கிளில் அனுப்பலாம்; ஆனால் எந்த வழியாகப் போவது, எந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பணியில் இருந்த காலம் முழுவதும் இந்த வாதத்தை நான் கேட்டிருக்கிறேன். வாகன வரி என்பது மோட்டார் வாகனம் வைத்திருப்பவர் மாநில அரசுக்குச் செலுத்தும் வரிதானே தவிர, சாலையில் முன்னுரிமை பெறுவதற்கான கட்டணம் அன்று. உங்கள் கணவர் வாங்கும் டயரிலும் டியூபிலும் சோப்பிலும் செருப்பிலும் வரி இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் தெருக்களை மாநகராட்சி பராமரிப்பது அவரும் கட்டும் வீட்டு வரி உள்ளிட்ட பொதுப் பணத்தில்தான். தமிழ்நாட்டின் நகராட்சிகள் பலவற்றில் சைக்கிளுக்கே வரி வசூலித்து வில்லை கொடுத்த காலம் இருந்தது என்பதையும், இரவில் விளக்கில்லாமல் போனால் காவலர் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்பதையும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வரி வழக்கொழிந்தது. அதோடு சேர்ந்து சைக்கிளுக்குச் சாலையில் இருந்த உரிமையும் ஒழிந்துவிட்டதாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சட்டம் சொல்வது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 2017-இல் நடைமுறைக்கு வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டுபவர்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. முந்துபவருக்குத்தான் பொறுப்பு என்பதும், முந்துவது மற்றவருக்கு ஆபத்தில்லாமல் முடியும் என்று உறுதியான பிறகே முந்த வேண்டும் என்பதும் உரிமம் வாங்குகிற ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்ட விதிகள். ஆனால் நம் தேர்வு முறையை நினைத்தால் எனக்கே வருத்தம்தான்: இரு சக்கர வாகனத்தில் எட்டுப் போடச் சொல்கிறோம், காரைப் பின்பக்கமாக எடுக்கச் சொல்கிறோம், ஆனால் முன்னால் ஒரு சைக்கிள் போகும்போது இவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பதே இல்லை. ஒருவர் எப்படிப்பட்ட ஓட்டுநர் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இனி உங்கள் தம்பியிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். ஒரு வழித்தடத்தின் வழக்கமான அகலம் 3.5 மீட்டர். சைக்கிள் தார் விளிம்பிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், ஹாண்டில்பாரின் வலது முனை விளிம்பிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரும். சைக்கிளுக்கும் முந்தும் வண்டிக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை நம் நாட்டு விதிகள் அளவாகக் குறிக்கவில்லை; ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் கட்டாயம், இங்கிலாந்தின் சாலை விதிநூல் 2022-இல் குறைந்தது 1.5 மீட்டர் என்று சேர்த்துக்கொண்டது. அந்த 1.5 மீட்டரையே நாமும் எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 2.55 மீட்டர் ஆகிறது. டாடா ஏஸின் அகலம் 1.5 மீட்டர், ஆக மொத்தம் நான்கு மீட்டருக்கு மேல். அதாவது, சைக்கிளைப் பாதுகாப்பாக முந்த வேண்டுமானால் அடுத்த தடத்துக்குள் அரை மீட்டருக்கு மேல் போயே ஆக வேண்டும், அங்கே எதிரே வண்டி வந்துகொண்டிருந்தால் முந்தவே முடியாது, பின்னால் காத்திருக்கத்தான் வேண்டும். பாலாற்றுப் பாலத்தில் கைப்பிடிச் சுவருக்கும் தாருக்கும் இடையே இறங்குவதற்கு இடமே இல்லாத நிலையில், "தாரை விட்டு இறங்கு" என்பதற்கு ஆற்றில் இறங்கு என்பதுதான் பொருள்.

காத்திருப்பதால் இழப்பது எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளுக்குப் பின்னால் 200 மீட்டர் தூரம் பொறுமையாகப் போனால் 48 நொடி ஆகும். அதே தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் 18 நொடியில் கடந்திருப்பார். வித்தியாசம் அரை நிமிடம். கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நிற்கும் நேரத்தில் அந்த அரை நிமிடம் காணாமல் போய்விடும் என்பது அவருக்கே தெரியும்.

1.5 மீட்டர் எதற்கு, உரசாமல் போனால் போதாதா என்று அவர் கேட்கக்கூடும். சைக்கிள் ஒரே கோட்டில் ஓடுவதில்லை. இருபுறமும் சிறிது அலைந்துதான் அது தன் சமநிலையைக் காக்கிறது, வேகம் குறையக் குறைய இந்த அலைவு அதிகமாகும். காட்பாடி மேம்பாலத்தில் ஏறும் சைக்கிளைப் பின்னாலிருந்து பார்த்தால், ஒவ்வொரு மிதிக்கும் ஹாண்டில்பார் இடமும் வலமுமாகத் திரும்புவது தெரியும்; ஏற்றத்தில் சைக்கிள்காரருக்குச் சமதளத்தைவிட அதிக இடம் தேவை. பேருந்தும் லாரியும் நெருங்கிக் கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளி, பிறகு வண்டியை நோக்கி உள்ளே இழுக்கும். ஒரு கல், ஒரு குழி, ஒரு நாய் போதும், அவர் ஓர் அடி வலப்பக்கம் விலகுவதற்கு.

வேகத்தையும் பார்க்க வேண்டும். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் காருக்கு உச்சவேகம் 70 கிலோமீட்டர், சரக்கு வாகனத்துக்கு 60 என்று வைத்தது. உள்ளூர் நிர்வாகம் இதைக் குறைத்து நிர்ணயிக்கலாம். என் கருத்தில், சைக்கிள்கள் நடமாடும் தெருக்களுக்கு இந்த 60-உம் 70-உம் மிக அதிகம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை நொடியிலேயே வண்டி 25 மீட்டர் போய்விடும். பிறகு நல்ல தாரில் நல்ல பிரேக்கோடு நிற்பதற்கு இன்னும் 23 மீட்டர் ஆகும். 40 கிலோமீட்டர் வேகமானால் மொத்தமே 27 மீட்டரில் நின்றுவிடலாம். லோடு ஏற்றிய வண்டியில், தேய்ந்த டயரில், மழை ஈரத்தில் இந்தத் தூரங்கள் எல்லாம் கூடுமே தவிரக் குறையா.

ஹாரனைப் பற்றி ஒன்று. சைக்கிளுக்கு மிக அருகே வந்து பின்னாலிருந்து ஓங்கி அடிக்கும் ஹாரன் ஓட்டிச் செல்பவரை எச்சரிப்பதில்லை, திடுக்கிட வைக்கிறது. திடுக்கிட்டவர் திரும்பிப் பார்ப்பார், திரும்பிப் பார்ப்பவரின் ஹாண்டில் அந்தப் பக்கமே திரும்பும். தேவைப்பட்டால் தொலைவிலேயே ஒரு முறை மெல்லத் தட்டினால் போதும். ஏர் ஹாரன் சட்டப்படியே தடைசெய்யப்பட்டது என்பதை லோடு வண்டிக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

உங்கள் தம்பி குழாய் ஏற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பி.வி.சி. குழாய் 20 அடி நீளம் வரும், டாடா ஏஸின் தொட்டியோ சுமார் ஏழு அடி. மீதி எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது? பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் முனை, வண்டி இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கமாக வீசும். முன்னால் சாய்த்துக் கட்டியிருந்தால் முனை எதிர்ப்பக்கம் வீசும். ஓட்டுநர் தன் வண்டியின் முன்மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், குழாயின் முனையை அல்ல. அது வீசும் உயரம் ஏறக்குறைய ஒரு சைக்கிள்காரரின் முகமும் கழுத்தும் இருக்கும் உயரம். வண்டியின் உடலை விட்டு வெளியே நீட்டும்படி சரக்கு ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. சிவப்புத் துணி கட்டிவிட்டால் அந்த விதி நிறைவேறிவிடாது. நீளமான சரக்குக்கு நீளமான வண்டி பிடிக்கச் சொல்லுங்கள், வாடகை கூடினாலும் பரவாயில்லை.

இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது இடப்பக்கத் திருப்பம். முன்னால் போகும் சைக்கிளை முந்தி, முந்திய உடனே இடப்பக்கத் தெருவுக்குள் திரும்பும் ஓட்டுநர், சைக்கிளின் பாதையைக் குறுக்கே அறுத்துவிடுகிறார். திரும்ப வேண்டிய தெரு ஐம்பதடி தூரத்தில் இருந்தால் முந்தாமல் பின்னாலேயே போய்த் திரும்புவதுதான் முறை. பேருந்தும் லாரியும் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாமல் உள்வளைவாகக் குறுக்கிட்டுப் போகும். அவற்றின் இடப்பக்க முன்மூலையும் பக்கவாட்டும் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்க்க முடியாத பகுதிகள். ஆகவே சிக்னலிலோ சர்க்கிளிலோ நின்றுகொண்டிருக்கும் லாரிக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவே கிடைக்கும் சந்தில் நுழைந்து முன்னால் போய்விடலாம் என்று நினைப்பது சைக்கிள்காரர் செய்யக்கூடிய செயல்களிலேயே மிக ஆபத்தானது. உங்கள் கணவருக்கும் மகளுக்கும் நான் கட்டளையாகச் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான்: பெரிய வண்டியின் இடப்பக்கத்தில் ஒருபோதும் நுழையக் கூடாது, அதன் பின்னால், ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். கண்ணாடியில் அவருடைய முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

நின்ற வண்டிகளின் கதவும் ஆளை வீழ்த்தும். ஆற்காடு சாலையிலும், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நோயாளிகளை இறக்கிவிடுவதற்காகக் கார்களும் ஆட்டோக்களும் நினைத்த இடத்தில் நிற்பதை நாம் பார்க்கிறோம். உங்கள் தம்பி தன் கதவை வலது கையால் திறக்காமல், உடலைத் திருப்பி இடது கையால் திறக்கப் பழகட்டும்; அப்படிச் செய்தால் தோள் தானாகத் திரும்பி, கண் பின்னால் வருபவரைப் பார்த்துவிடும். சைக்கிள்காரர் நிற்கும் வண்டிகளை ஒரு கதவின் அகலம் தள்ளியே கடக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும் என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் விபத்தைத் தவிர்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர், அவர் தன் பார்வையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளைப் பின்னாலிருந்து நெருங்கும்போது இருவருக்கும் இடையிலான தூரம் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் குறைகிறது. 100 மீட்டருக்கு முன்பே பார்த்துவிட்டால் ஓட்டுநருக்கு எட்டு நொடி கிடைக்கும். எதிரெதிராக வரும்போது வேகங்கள் கூடி 75 கிலோமீட்டர் ஆகிறது, கிடைப்பது ஐந்து நொடிக்கும் குறைவு. இதைவிட முக்கியமானது, பின்னால் வருபவர் முந்த இடமில்லை என்றால் வேகத்தைக் குறைத்து அவர் பின்னாலேயே வரலாம். எதிரே வருபவருக்கு அந்த வழி கிடையாது, யாராவது ஒருவர் முழுவதும் நின்றாக வேண்டும் அல்லது விலகியாக வேண்டும்.

இன்னொன்று, பக்கத் தெருவிலிருந்து சர்வீஸ் சாலைக்கு வரும் ஓட்டுநர் வண்டி வர வேண்டிய திசையான வலப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு திரும்புவார். உங்கள் கணவர் வருவதோ அவருடைய இடப்பக்கத்திலிருந்து. அவர் பார்க்காதது அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது, அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரக் கூடாது என்பதே விதி. சரியான திசையில் வரும் இன்னொரு சைக்கிள்காரர் எதிர்ப்பட்டாலோ, இருவரில் ஒருவர் வண்டிகளின் நடுவே தள்ளப்படுவார். பெரும்பாலும் அது விதிப்படி வந்தவராகவே இருக்கும்.

மோட்டார் வாகனத்தில் எதிர்த்திசையில் வருவதை 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை என்பதால் அந்தப் பிரிவு உங்கள் கணவரைத் தொடாது; ஆனால் பொதுவழியில் எந்த வண்டியையும் அஜாக்கிரதையாக ஓட்டுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவின்படி குற்றம், அதில் சைக்கிளுக்கு விலக்கில்லை. விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும், தவறான திசையில் வந்தவரின் கவனக்குறைவும் காரணம் என்று சொல்லித் தொகையில் ஒரு பங்கைக் கழிக்க வாய்ப்பு உண்டு.

ஆனாலும் அவரை நான் சோம்பேறி என்று சொல்லமாட்டேன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊரை இரண்டாக வகுந்துகொண்டு போகிறது. மறுபக்கச் சர்வீஸ் சாலைக்குப் போக வேண்டுமானால் கீழ்ப்பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும், நாள் முழுவதும் பட்டறையில் நின்றுவிட்டு வருபவருக்கு அந்தச் சுற்று கசக்கத்தான் செய்யும். சாலையை வடிவமைத்தவர்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தை நினைத்தார்கள், மிதித்துப் போகும் மனிதரை நினைக்கவில்லை. இதற்குக் கேட்க வேண்டிய இடம் ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பட்டறைத் தொழிலாளர்கள் சேர்ந்து, எந்த இடத்தில் கடக்க வழி வேண்டும் என்று இடத்தைக் குறிப்பிட்டு மனு கொடுக்கலாம். நெடுஞ்சாலையில் குழி, எரியாத விளக்கு போன்றவற்றுக்கு 1033 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அதுவரைக்கும், சுற்ற மனமில்லாத நாளில் அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அந்தத் துண்டுத் தூரத்தைச் சைக்கிளை விட்டு இறங்கி, தாரை விட்டு வெளியே, தள்ளிக்கொண்டு நடப்பது. தள்ளிக்கொண்டு நடப்பவர் பாதசாரி. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓரமாக நடப்பது பாதசாரிக்குச் சரியான முறையே.

சரியான திசையில் போகும்போது எவ்வளவு ஓரமாகப் போக வேண்டும் என்பதில் நம் ஊரில் தவறான அறிவுரை நிலவுகிறது. "ஓரமாப் போ" என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைத் தாரின் கடைசி விளிம்புக்குத் தள்ளிவிடுகிறோம். அங்கேதான் மணல் சேர்கிறது, ஜல்லி கிடக்கிறது, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளம் அமுங்கியிருக்கிறது, சாக்கடை மூடி ஒரு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தாருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள படியில் சக்கரம் இறங்கிவிட்டு மறுபடி ஏற முயலும்போது, சைக்கிள் வலப்பக்கமாக, அதாவது வண்டிகள் வரும் பக்கமாக விழும். மேலும், விளிம்பை ஒட்டிப் போகும் சைக்கிளைப் பார்க்கும் ஓட்டுநர், தடத்தை மாற்றாமலேயே முந்திவிடலாம் என்று நினைத்து உரசிக்கொண்டு போவார். விளிம்பிலிருந்து இரண்டரை அடி உள்ளே, ஒரே நேர்க்கோட்டில் போவதுதான் பாதுகாப்பு. நிற்கும் வண்டிகளுக்கு நடுவே இடம் கிடைக்கும்போதெல்லாம் உள்ளே நுழைந்து நுழைந்து வெளியே வருவது கூடாது. பாலத்தைப் போலக் குறுகிய, இறங்க இடமில்லாத இடத்தில் இன்னும் சற்று உள்ளே தள்ளிப் போனாலும் தவறில்லை, பின்னால் ஹாரன் கேட்டாலும் சரி. பாலம் முடிந்து இடம் வந்ததும் ஒதுங்கி வழி விட்டுவிட வேண்டும். அது மரியாதை மட்டுமன்றி, பின்னால் கோபத்தோடு வருபவரை முன்னால் அனுப்பிவிடுவது நமக்கும் நல்லது.

திரும்புவதற்கு முன் வலத் தோளுக்கு மேல் பார்த்து, கையை நன்றாக நீட்டிக் காட்டி, பிறகே நகர வேண்டும். கை காட்டிய உடனே திரும்புவது கை காட்டாததற்குச் சமம். வெயிலுக்கு ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவதை வேலூர் வெயிலில் நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் குடை பிடித்த கை பிரேக் பிடிக்காது. தொப்பியோ தலையில் துண்டோ போதும். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். சைக்கிளுக்குத் தலைக்கவசம் சட்டத்தில் கட்டாயமில்லை என்றாலும் மகளுக்கு வாங்கிக் கொடுங்கள், மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இரவைப் பற்றிச் சுருக்கமாக. டைனமோ விளக்கு போனபின் நம் சைக்கிள்கள் இருட்டில் கண்ணுக்குத் தெரியாதவை ஆகிவிட்டன. பட்டறை முடிந்து கரி படிந்த கறுப்புச் சட்டையோடு வருபவரை, எதிரே ஹை பீமில் வரும் லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்த நிலையில் ஓட்டுநர் பார்ப்பது கடைசி இருபது மீட்டரில்தான். பின்மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டரும், மினுங்கும் சிவப்பு விளக்கு ஒன்றும், முன்னால் வெள்ளை விளக்கும் போட்டுக்கொண்டால் செலவு சில நூறு ரூபாய்தான் ஆகும். மிதியின் ஓரத்தில் ஒட்டும் ரிஃப்ளெக்டர் நாடா இன்னும் நல்லது, ஏனென்றால் அது மேலும் கீழும் அசைவதால் போவது ஒரு மனிதர் என்று உடனே புரியும். ஊருக்குள் டிம் போட்டு ஓட்டுவது உங்கள் தம்பியின் பங்கு.

மகளின் சைக்கிளைப் பள்ளியிலிருந்து வாங்கியபடியே ஓட்டவிடாமல் முதலில் ஒரு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோங்கள். எல்லா மறையும் முடுக்கியிருக்கிறதா, இரண்டு பிரேக்கிலும் கட்டை ரிம்மில் முழுதாகப் படிகிறதா, சீட்டில் உட்கார்ந்தால் முன்கால் பாதம் தரையில் ஊன்றுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். புத்தகப்பை ஹாண்டில்பாரில் தொங்கக் கூடாது; பின்னால் கேரியரில் கட்டட்டும். துப்பட்டா பின்சக்கரக் கம்பியில் சிக்கிக் கழுத்தை இறுக்கும் விபத்து சைக்கிளிலும் நடக்கும், ஸ்கூட்டரிலும் நடக்கும்; இரு முனைகளையும் பின்குத்தி முன்னால் முடிச்சிட்ட பிறகே அவள் ஏற வேண்டும். தோழிகள் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவது இனிமையானதுதான், ஆனால் அதைப் பள்ளி வளாகத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகள் குறைவாக இருக்கும் நேரத்தில், அவளோடு பள்ளி வரை ஒருமுறை போய்வாருங்கள். பிறகு பள்ளி நாளின் நெரிசலில் ஒரு வாரம் உங்கள் கணவர் அவளுக்குப் பின்னால் சைக்கிளில் போகட்டும். முன்னால் போனால் அவள் அவரைப் பின்தொடர்வாள், சாலையைப் பார்க்கமாட்டாள். வலப்பக்கம் திரும்ப வேண்டிய சந்திப்புகளில் வண்டிகளின் நடுவே போய் நின்று திரும்பும் திறமை அவளுக்கு இப்போது வேண்டாம். நேராகக் கடந்து, இடப்பக்க ஓரத்தில் நின்று, இறங்கி, பாதசாரிகளோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு கடந்தால் போதும். நிறுத்தத்தில் பேருந்து நிற்கும்போது அதன் இடப்பக்கமாகப் புகாமல் பின்னால் நின்றுவிட வேண்டும், இறங்குகிறவர்கள் நேராக அவள் மேல்தான் இறங்குவார்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூச்சு வாங்கித் தள்ளாட ஆரம்பித்தால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளட்டும். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தபடி வரட்டும், முன்பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் தலைகுப்புறக் கவிழ்த்துவிடும். அந்த வாரத்தில் ஒரு நாள் உங்கள் தம்பியையும் லோடு வண்டியை வீட்டில் விட்டுவிட்டு மாமாவின் சைக்கிளில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் எழுதியதைப் படிப்பதைவிட அது அவருக்கு விரைவாகப் புரியவைக்கும்.

கடைசியாக, வேண்டாத ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் மூவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதலில் 108. அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைப்பதும் தண்ணீர் புகட்டுவதும் கூடாது. கழுத்தை அசைக்காமல், பின்னால் வரும் வண்டிகளை நிறுத்திப் பாதுகாக்க வேண்டும். உதவிக்கு வருபவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. இடித்த ஓட்டுநருக்கோ, நின்று மருத்துவ உதவி பெற்றுத் தந்து காவல் நிலையத்தில் தெரிவிப்பது 134-ஆம் பிரிவின்படி கடமை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வரையறுக்கப்பட்ட தொகை வரை கட்டணமின்றிப் பெறலாம். சைக்கிளுக்குக் காப்பீடு இல்லையே என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள்; இடித்த மோட்டார் வாகனத்தின் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு சைக்கிள்காரருக்கும் பொருந்தும். வண்டி நிற்காமல் போய்விட்டாலும் கூட, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கும் அரசுத் திட்டம் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. வண்டி எண், முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவமனை ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.